ஏற்காட்டுப் பயண அனுபவங்கள்: வழிகாட்டலா, விளம்பரமா?

அஸ்தம்பட்டி வாசி:
ஏற்காட்டுக்கு அறை பதிவு செய்து தரும் ஒரு தளத்தின் முகப்பில், கிளியூர் அருவிக்குக் குடும்பத்தோடு சென்றவரின் அனுபவம் பெரிதாக இடம்பெற்றிருக்கிறது. படியிறங்கத் தயங்கிய தாயாரைப் பேரன் கைப்பிடித்து அழைத்துச் சென்றது, சாரல் பட்டதும் அவர் முழங்கால் வலியை மறந்து சிரித்தது, எல்லாம் உண்டு. எந்த மாதம் என்பது மட்டும் இல்லை. ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூரில் தண்ணீர் என்பதும், கோடையில் பெரும்பாலும் பாறைதான் மிஞ்சும் என்பதும் சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். மே மாதக் கோடை விழாவுக்குச் சென்னையிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? இதை விளம்பரம் என்றுதான் சொல்வேன்.

சேர்வராயன் தோட்டத்தார்:
ஐயா, ‘ஏழைகளின் ஊட்டி’ என்று காலங்காலமாக விளம்பரம் செய்தபோது யாரும் மாதத்தைக் கேட்கவில்லை. எங்கள் தங்கும் வீட்டுக்கு வந்த ஒருவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிள்ளை வாந்தி எடுத்ததையும், வயிறு நிறைய உண்டுவிட்டு மலையேற வேண்டாம் என்பதையும், பொழுது சாய்ந்தபின் பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டி தெரியாது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதை எந்த விளம்பரக் கையேடு சொல்லும்? ஆதாயம் ஏதுமற்ற ஒருவரின் சொல்லை மக்கள் நம்புவதில் என்ன தவறு?

அஸ்தம்பட்டி வாசி:
எழுதியவருக்கு ஆதாயமில்லை, தேர்ந்தெடுத்து முகப்பில் வைப்பவருக்கு உண்டு. அந்த வாந்திக் கதை முகப்பில் இருக்கிறதா, பத்துப் பக்கம் தள்ளிக் கிடக்கிறதா? உளவியலாளர்கள் கிரீனும் பிராக்கும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் ஆழ்ந்துபோகிறவர்கள் அதிலுள்ள பொருந்தாத இடங்களைக் குறைவாகவே கவனிக்கிறார்கள் என்று கண்டார்கள். பாட்டியின் சிரிப்பில் மனத்தைப் பறிகொடுத்தவர், அருவியில் இப்போது தண்ணீர் இருக்குமா என்று கேட்பதில்லை. தளத்துக்கு வேண்டியதும் அதுதான்.

குகை வாசகி:
இருவரும் பொய்யா மெய்யா என்றே பேசுகிறீர்கள். அந்தக் குடும்பம் நனைந்தது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் சேர்க்கிறது. தானாக எழுதி வந்த அனுபவத்தைத் தளம் முகப்புக்கு நகர்த்தும்போது அது தளத்தின் பேச்சாகிவிடுகிறது என்பது என் கருத்து. நீதிமன்றம் அப்படிக் கொள்ளுமா என்பது வேறு. இணைய மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. கட்டாயமில்லை என்பதால், பின்பற்றுவது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது.

சேர்வராயன் தோட்டத்தார்:
மாதத்தைப் போட்டால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அறைகள் காலியாகக் கிடக்கும் என்று அஞ்சுகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், அம்மா. எனக்கு அந்த அச்சமில்லை. கோடை மழைக்குப்பின் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போன்ற மணம் தோட்டமெங்கும் நிற்கும்போது வந்தவர்கள் அதையும் எழுதியிருக்கிறார்கள். அருவிப் படத்துக்குக் கிடைக்கும் இடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. என் ஆற்றாமை அதுதான்.

அஸ்தம்பட்டி வாசி:
தாராளமாக முகப்பில் போடச் சொல்லுங்கள், ஐயா. காப்பிப் பூ சில நாள்களில் வாடிவிடும் என்பதால் அந்தக் கதைக்கும் தேதி வேண்டும்.