மறு: கலைச்சொல் – மடல் கோப்புறைக்கு ‘சந்தா’ வேண்டாம், ‘காண்பட்டியல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டர்பேர்ட் என்ற மடல் நிரலில், கோப்புறைகளுக்கு ‘சப்ஸ்கிரைப்’ என்று வரும் இடத்தில் நம் தமிழாக்க வரைவு ‘சந்தா’ என்கிறது. அது சரியில்லை என்பதில் இந்த இழையில் எல்லாரும் ஒத்துப்போகிறோம். மாற்றாக ‘குழுசேர்’, ‘பின்தொடர்’, ‘கவனி’, ‘இணை’ என்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்குமே இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஒரு சொல் பிசகினால், வந்து சேர்ந்த மடலையே வரவில்லை என்று நம்பிக்கொண்டு ஒருவர் நாள்கணக்கில் காத்திருப்பார்.

எனக்குத் தெரிந்த தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் புதுக் கணினி வாங்கினார்கள். நம் சோதனைப் பதிப்பை நான்தான் அதில் போட்டுக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது. மற்ற மடல்கள் எல்லாம் வருகின்றன, ஜிஎஸ்டி தொடர்பானவை மட்டும் ஒன்றுகூட வருவதில்லை. அங்கே மடல்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா செய்யாதது இல்லை. ஸ்பேமைத் துழாவியிருக்கிறார், கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார், கணக்கையே நீக்கிவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறார். ஆனால் முதலாளியின் கைபேசியில், அதே கணக்கில், அந்த மடல்கள் இருந்தன.

அதுதான் துப்பு. உலாவியில் வெப்மெயிலைத் திறக்கச் சொன்னேன். இடது பக்கம் ‘நோட்டீஸ்’ என்று ஒரு கோப்புறை. உள்ளே படிக்காத மடல்கள் தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன. பொருள் வரியில் ஜிஎஸ்டி என்று இருந்தால் அங்கே நகர்த்தும்படி யாரோ எப்போதோ சேவையகத்திலேயே ஒரு வடிகட்டி போட்டு வைத்திருக்கிறார்கள். தண்டர்பேர்டில் அந்தக் கோப்புறையின் பெயரே இல்லை. கணக்கின் பெயர்மேல் வலச்சொடுக்கு செய்தால் ‘சந்தா’ என்று ஒன்று வரும், அதைத் திறந்து ‘நோட்டீஸ்’ பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள் என்றேன். அவர் சொன்ன பதில்: “அதை முதல் நாளே பார்த்தேன் சார். பணம் கட்டச் சொல்லுமோ என்று தொடவில்லை. முதலாளியைக் கேட்டுவிட்டுச் செய்யட்டுமா?”

அவர் செய்தது முழுக்கச் சரி. அலுவலகக் கணினியில் ‘சந்தா’ என்று கண்டால் பொறுப்புள்ள யாரும் அப்படித்தான் நிற்பார்கள். தீர்வு அவர் கண்ணெதிரே இருந்தது. நாம் வைத்த பெயர் அவரைத் தடுத்துவிட்டது.

இப்போது, அந்த டிக் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மடல் நிரலும் சேவையகமும் பேசிக்கொள்ளும் ஐமேப் நெறிமுறையை மார்க் கிரிஸ்பின் 1986ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் வகுத்தார். மடல்கள் சேவையகத்திலேயே இருக்கும், நம் நிரல் அவற்றை எட்டிப் பார்க்கும் என்பதுதான் அதன் அடிப்படை. 2003இல் வந்த அதன் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 3501, ‘சப்ஸ்கிரைப்’ கட்டளையை விளக்கும்போது, கோப்புறைப் பெயரைச் சேவையகம் வைத்திருக்கும் ஒரு தொகுப்பில் சேர்ப்பது என்கிறது. அந்தத் தொகுப்பை ‘ஆக்டிவ்’ என்றும் ‘சப்ஸ்கிரைப்ட்’ என்றும் இரண்டு பெயராலும் குறிக்கிறது. ஒரு கோப்புறை இல்லாமல் போனாலும் அதன் பெயரைச் சேவையகம் தானாக அந்தத் தொகுப்பிலிருந்து எடுக்கக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. ஆக, அது வெறும் பெயர்ப் பட்டியல். அதில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடல் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கும். பெயரை எடுத்துவிட்டால் எந்த மடலும் அழியாது.

தண்டர்பேர்ட் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள கோப்புறைகளை மட்டும் இடப்பக்கம் காட்டும். கணக்கு அமைப்புகளில், சேவையக அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குள், அதற்கென்று ஒரு டிக் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். கைபேசிச் செயலிகள் பல இந்தப் பட்டியலைச் சட்டை செய்யாமல் எல்லாக் கோப்புறைகளையும் காட்டிவிடும். கைபேசியில் இருக்கிறது, கணினியில் இல்லை என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. சேவையக வடிகட்டி புதிதாக உண்டாக்கும் கோப்புறை இந்தப் பட்டியலில் தானாக ஏறும் என்றும் நம்ப முடியாது. பரவலாகப் புழங்கும் டவ்காட் என்ற மடல் சேவையக நிரலில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது, இயல்பில் அது அணைந்திருக்கும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

‘குழுசேர்’ என்பது மடற்குழுவுக்கு அருமையான சொல். சேர்ந்தால் மடல் வரத் தொடங்கும், விலகினால் நின்றுவிடும். ஐமேப் கோப்புறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். சேர்ந்தாலும் விலகினாலும் வரத்து மாறுவதில்லை. ‘குழுவிலகு’ என்று ஒரு பொத்தானை வைத்தால், அதை அழுத்தினால் மடல் வருவது நின்றுவிடும் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். ‘பின்தொடர்’ சமூக ஊடகத்தில் ஆட்களுக்கு உரியதாகிவிட்டது. என் கோப்புறையை நானே பின்தொடர்வதா? ‘இணை’ பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மடலோடு வரும் கோப்புக்கு இணைப்பு, வலைச் சுட்டிக்கு இணைப்பு, இணையத் தொடர்புக்கும் இணைப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே திணறுகிறது.

‘கவனி’தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ‘கவனத்தில் இல்லாத கோப்புறை’ என்பது, இருந்தும் யாரும் பார்க்காத ஒன்றை அழகாகவே சொல்கிறது. ஆனால் தண்டர்பேர்டில் இன்னோர் அமைப்பு உண்டு. கோப்புறையின் பண்புகளில், புதிய மடல்களை எடுக்கும்போதெல்லாம் இந்தக் கோப்புறையையும் பார் என்று ஒரு டிக் இருக்கிறது. பட்டியலில் சேர்த்து இடப்பக்கம் கோப்புறை தெரிந்தாலும், இந்த டிக் இல்லையென்றால் பல சமயம் அதைச் சொடுக்கும் வரை புது மடல்களின் எண்ணிக்கை ஏறாது. அந்தத் தணிக்கையாளர் அலுவலகத்திலும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. கவனிப்பது என்ற சொல் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் உரியது. முதல் வேலைக்கே அதைச் செலவழித்துவிட்டால், “கவனி என்று போட்டேனே, ஏன் கவனிக்கவில்லை?” என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

என் முன்மொழிவு ‘காண்பட்டியல்’. வலச்சொடுக்குப் பட்டியில் ‘காண்பட்டியல்…’ என்று இருக்கட்டும். திறக்கும் சாளரத்தில் பொத்தான்கள் ‘சேர்’, ‘எடு’. அமைப்பில் வரும் நீண்ட வரி ‘காண்பட்டியலில் உள்ள கோப்புறைகளை மட்டும் காட்டு’. இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல, கண்ட, காண்கிற, காணும் என்று முக்காலத்துக்கும் இடம் கொடுக்கிறது. இன்று சேர்த்த கோப்புறை நாளைக்கும், வேறு கணினியிலும் தெரியும் என்பதால் அது பொருத்தமாகவே இருக்கிறது. வினைத்தொகை ஆகையால் ‘ண்’ திரியாது, ‘ப்’ மிகாது. காண்பொருள் போல எழுதலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தச் சொல் பணத்தையோ உறுப்பினர் ஆவதையோ மடல் வரத்தையோ தொடவில்லை. காண்பது, பட்டியல், அவ்வளவுதான். நெறிமுறை சொல்வதும் அதையேதான்.

‘காட்டு’ என்று இன்னும் எளிமையாக வைக்கலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஜிமெயிலில் ஒவ்வொரு லேபிளுக்கும் ஐமேப்பில் காட்டு என்ற பொருளில்தான் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது அதற்கும் முந்தைய கதவு: அங்கே டிக்கை எடுத்துவிட்டால் அந்த லேபிள் தண்டர்பேர்டின் பட்டியல் சாளரத்துக்கே வராது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் உதவிக் குறிப்பு எழுதுபவர் பாடு சிரமம். அப்புறம், ‘காட்டு’ என்றால் இந்தக் கணினியின் தோற்றத்தை மட்டும் மாற்றுவது போலத் தோன்றும். பட்டியல் சேவையகத்தில் இருக்கிறது. இங்கே எடுத்தால், அதே பட்டியலை மதிக்கும் மற்ற கணினிகளிலும் மறையும். பட்டியல் என்ற பகுதி சொல்லுக்குள் இருந்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செய்திக்குழுக்களுக்கும் (நியூஸ்குரூப்) ஆங்கிலத்தில் இதே சொல்தான் வருகிறது. அங்கும் காசில்லை, உறுப்பினர் இல்லை, நாம் பார்க்க விரும்பும் குழுக்களின் பட்டியல்தான்; காண்பட்டியல் அப்படியே பொருந்தும். செய்தியோடைகளுக்கு (ஆர்எஸ்எஸ்) வேண்டுமானால் வேறு சொல் பார்க்கலாம், அவை தனிச் சாளரத்தில்தான் கையாளப்படுகின்றன.

சொல் எப்படி நடக்கிறது என்பதை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உதவிப் பக்கத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

“மடல் வரவில்லையா? முதலில் அதே கணக்கை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கும் இல்லையென்றால் தண்டர்பேர்டில் தேடிப் பயனில்லை. ஸ்பேமையும், சேவையகத்தில் இடம் நிறைந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். அங்கே இருந்தால், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புறை தண்டர்பேர்டில் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் அதைக் காண்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தும் மடல் இல்லையென்றால், மேலே உள்ள விரைவு வடிகட்டி அழுத்தப்பட்டிருக்கிறதா, படிக்காதவை மட்டும் என்று பார்வை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கு பாப் (மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வகை என்றால் காண்பட்டியல் இருக்காது. பாப் உட்பெட்டியை மட்டுமே எடுத்து வரும். வேறொரு கணினி முன்பே எடுத்துக்கொண்டு சேவையகத்திலிருந்து நீக்கியும் இருக்கலாம்.”

இதைத் தொலைபேசியில் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காண்பட்டியல் வரும் இடத்தில் அவர் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. தலைப்பில் ‘காணாமல் போன மடல்கள்’ என்று எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வரவில்லை என்றுதான் எல்லாரும் தேடுவார்களாம். மாற்றிவிட்டேன்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், வரைவில் உள்ள எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் திருத்திவிடலாம். இதோடு ‘ரிப்பேர் ஃபோல்டர்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் ‘கோப்புறையைப் பழுதுபார்’ என்பதையும் பேச வேண்டும். பெரும்பாலும் அங்கே கெட்டுப்போவது கோப்புறைக்குரிய எம்எஸ்எஃப் அட்டவணைக் கோப்புதான். மடல்கள் அப்படியே இருக்கும். ‘அட்டவணையை மறுபடி உருவாக்கு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.