புதுப்பிப்பு: தம்பிக்கு வாங்கிய கிராஷ் சிம்பல்

இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: டிரம்ஸை ஓங்கி அடிக்கும் என் தம்பியின் 16 அங்குல கிராஷ் சிம்பல் (டிரம்ஸ் செட்டில் குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டு) இரண்டும் ஒரே வருடத்தில் விளிம்பில் விரிசல் விட்டுவிட்டன, எதை வாங்கலாம் என்று. சரி, பைஸ்டி நிறுவனத்தின் ‘2002’ வரிசையில் 18 அங்குலத் தட்டு வாங்கினோம். 8 சதவீத வெள்ளீயம் கலந்த வெண்கலம், பளிச்சென்ற சத்தம்.

கனமான தட்டுதான் தாங்கும் என்று நம்பியிருந்தேன். பாதிதான் உண்மை. கனம் கூடினால் வளைந்து கொடுக்காது, இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றும். அப்புறம் நீங்கள் சொன்னபடி பெங்களூரு அல்சூர் ஒத்திகை அறையில், தட்டை மாட்டும் ஸ்டாண்டைப் பார்த்தோம். தட்டுக்கு மேல் கையால் திருகும் விங் நட்டை, தட்டு அசையாதபடி இறுக்கியிருந்தான்! ஸ்டாண்டின் கம்பி தட்டில் உரசாமல் காக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவும் (உறை) இல்லை, நடுத்துளை தேய்ந்து கோணலாகியிருந்தது. இப்போது நட்டைத் தளர்த்தி, தட்டைச் சற்றுச் சாய்த்து, விளிம்பில் நேராக வெட்டாமல் பக்கவாட்டில் வழித்து அடிக்கிறான். ஆறு வாரமாகிறது, ஒரு கீறல்கூட இல்லை.