ஆற்றுமேலயே நின்ன ஆலை எப்படி எரிஞ்சுது?

கேள்வி: இங்கிலாந்து நார்ஃபோக்ல பியூர் ஆத்தங்கரை ஹார்ஸ்டெட் ஆலை இருந்த இடத்தைப் பார்த்துட்டு வந்தேன். பலகை அடிச்ச பெரிய நீராலை (ஆத்துத் தண்ணி விசையில மாவரைக்கிறது), 1963 ஜனவரியில எரிஞ்சுபோச்சு. செங்கல் வளைவுகள்தான் மிச்சம். அடியில தண்ணி அதே இரைச்சலோட பாயுது. மனசே ஆறல. காலடியில ஆறு ஓடியும் ஏன் காப்பாத்த முடியல?

பதில் 1: இந்த ஆலை எப்படிப் பத்துச்சுன்னு சொல்லல, பொதுவா சொல்றேன். மர ஆலைக்கு எமன் மாவுத்தூசிதான். தானியம் தீர்ந்தும் சுத்தினா அரைக்கிற கல்லோட கல் உரசிப் பொறி பறக்கும், தூசி பத்திக்கும். அதுக்காகவே தானியத்தொட்டி காலியாகிறப்ப அடிக்கிற மணி வச்சாங்க. மூட்டை ஏத்த தளத்துக்குத் தளம் விட்ட திறப்பு வழியா தீ கூரைக்கு ஏறிடும்.

பதில் 2: அமெரிக்காவுல அர்கன்சாஸ் மாநிலத்து வார் ஈகிள் ஆலையும் 1924ல எரிஞ்சது. 1973ல அதே இடத்துல திரும்பக் கட்டினாங்க.

கேட்டவர்: ஹார்ஸ்டெட்டையும் கட்டியிருக்கலாமே!