பின்னால் இடிபட்ட பிறகு பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது, பேட்டரியும் இறங்குகிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். போன மாதம் கோவை அவினாசி சாலை சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பம்பர், டிக்கிக் கதவு, இடது பக்கத் தகடு எல்லாம் டிங்கரிங், பெயின்ட் முடிந்து வந்ததிலிருந்து இரண்டு தொல்லை. பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, டேஷ்போர்டில் அம்புக்குறியும் தெரிகிறது. இரண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒயரிங் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள் சார். முதல் தொல்லை எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) கோளாறு போலத்தான் இருக்கிறது. அந்தப் பக்க பல்புகளுக்கெல்லாம் எர்த் ஒயர் பெரும்பாலும் ஒன்றுதான். அது பாடியில் சரியாகப் பிடிக்காவிட்டால், பிரேக் பல்புக்கு வந்த கரண்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாகப் போய் முன்பக்கம் எர்த் தேடிக்கொள்ளும். எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை டெயில் லேம்ப்பின் எர்த் பின்னில். (நீளமாக ஒரு ஒயர் வேண்டும்.) ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவிவிடுங்கள்.

பதில் 2:
பேட்டரி இறங்குவது வேறு கதை, அண்ணா. இடிபட்ட வண்டியில் டிக்கிப் பூட்டு கொஞ்சம் விலகியிருந்தாலே கதவு மூடினாலும் உள்விளக்கு அணையாது. போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். 5 வாட் பல்பு என்றாலும் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். இரண்டு நாளில் சுமார் 20 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அதைத் தாங்காது.
விளக்கு அணைந்தால், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் இணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்தால் அளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் இணைத்திருக்கும்போது தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேட்டவர்:
எர்த்தில் 1.8 வோல்ட் காட்டியது! போல்ட்டுக்கு அடியில் முழுக்க பெயின்ட். சுரண்டியதும் இண்டிகேட்டர் சரியாகிவிட்டது. வீடியோவில் டிக்கி விளக்கு அணையவே இல்லை. இப்போதைக்கு பல்பைக் கழற்றிவிட்டேன், நாளை பூட்டை நகர்த்தி வைக்கச் சொல்லப்போகிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

பதில் 2:
நல்லது அண்ணா. அதற்கு முன் பேட்டரியை ஒரு இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.