மறு: "உணர்நரம்புக் கேளாமை" - கோடு வேணுமா வேணாமா?

> "கடத்தல் கேளாமை", "உணர்நரம்புக் கேளாமை"ன்னு வச்சிரலாமா?

அண்ணே, கண்டக்டிவ், சென்சரிநியூரல்னு காது கேக்குறது குறையுற ரெண்டு வகைக்கு நீங்க சொன்ன தமிழ்ச் சொல் ரெண்டுமே எனக்கு இடிக்குது. உணர்நரம்புன்னு சேத்து எழுதினா படிக்கிறவங்க உணர்ச்சி நரம்புன்னு ஒத்தப் பொருளாத்தான் எடுத்துக்குவாங்க, ஆனா சென்சரிநியூரல்ல ரெண்டு இடம் இருக்கு, ஒண்ணு உள்காதுல நத்தை மாதிரி சுருண்டு கெடக்குற காக்லியாவோட மயிர்ச்செல்கள், இன்னொண்ணு அங்கருந்து மூளைக்குப் போற நரம்பு. வருஷக்கணக்கா தறிச் சத்தத்துல நின்னவங்களுக்கு முதல்ல அடிவாங்குறது மயிர்ச்செல்தான், நாம என்னடான்னா எல்லாத்துக்கும் "காது நரம்பு வீக்"னு சொல்லியே பழகிட்டோம்.

சென்சாருக்கு "உணரி"ன்னு சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே, மயிர்ச்செல்லும் உணரிதானே? அதனால என் ஓட்டு "உணரி-நரம்பு", நடுவுல கோடு கட்டாயம். ஏன்னா டெஸ்டே ரெண்டையும் பிரிச்சுத்தான் பாக்குது. ஓஏஇ-ங்கிற டெஸ்டுல காதுக்குள்ள குட்டி மைக் வச்சு, மயிர்ச்செல் திருப்பி அனுப்புற மெல்லிய சத்தத்தைப் பிடிக்கிறாங்க. பெராங்கிற டெஸ்டுல தலையில எலக்ட்ரோடு ஒட்டி, நரம்பு வழியா மூளைத்தண்டு வரைக்கும் சிக்னல் ஒழுங்கா போகுதான்னு பாக்குறாங்க. ஓஏஇ நல்லா வந்து பெரா வரலைன்னா ஆடிட்டரி நியூரோபதின்னு, அதாவது மயிர்ச்செல் வேலை செஞ்சும் நரம்புல சிக்னல் ஒழுங்கா போகாத கோளாறுன்னு சந்தேகப்படணும், பச்சக்கொழந்தைக்கு ஓஏஇ மட்டும் எடுத்து பாஸ்னு அனுப்பினா இது நழுவிரும். கோடு இருந்தா "உணரி சரி, நரம்புலதான் கோளாறு"ன்னு அதே சொல்லை உடைச்சே வெளக்கிரலாம்.

"கடத்தல் கேளாமை"ன்னா ஏர்போர்ட்ல தங்கம் பிடிச்ச கேஸ் மாதிரி இருக்கு :) "கடத்துகை" போதும், அதாவது சத்தம் உள்காதுக்குப் போற வழியில வர்ற தடை. குரும்பி அடைச்சது, காதுச் சவ்வுல ஓட்டை, நடுக்காதுல நீர், குட்டி எலும்பு இறுகிப்போறது எல்லாம் அதுல அடங்கிரும்.

இன்னொண்ணு, ஏர்-போன் கேப்புக்கு யாரோ "காற்று-எலும்பு இடைவெளி"ன்னு போட்டிருந்தீங்க, அதைப் படிச்சா எலும்புல ஏதோ சந்து விழுந்துருச்சோன்னு பேஷன்ட் பயந்துருவாரு. அது ஆடியோகிராம்ல, அதாவது கேக்குற அளவை வரைஞ்சு காட்டுற படத்துல, காத்து வழி, எலும்பு வழின்னு ரெண்டு கோட்டுக்கு நடுவுல வர்ற டெசிபல் கணக்கு. ஹெட்ஃபோன்ல கேக்குறது குறைஞ்சு, காதுக்குப் பின்னாடி எலும்புல வைக்கிற வைப்ரேட்டர்ல நார்மலா கேட்டா கடத்துகை வகை, ரெண்டும் ஒண்ணா எறங்கினா உணரி-நரம்பு. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி காது முன்னாடியும் பின்னாடியும் வச்சுப் பாக்குற ரின்னி டெஸ்டும் இதையேதான் பெரிய மெஷின் இல்லாம கேக்குது. அதனால "காற்று-எலும்பு வேறுபாடு".

"கேளாமை"ன்னா சுத்தமா கேக்காதுன்னு அர்த்தமாகுது, 30 டெசிபல் குறைவுக்கு அது ரொம்ப அதிகம், "கேட்புக் குறைவு"ன்னு மாத்துங்க. ரெண்டு வகையும் சேர்ந்து வர்ற மிக்ஸ்டுக்கு "கலப்பு", அதுல சண்டையே இல்ல.