புதுப்பிப்பு: 1990களின் சிறந்த பத்துப் படங்கள், பட்டியல் முடிந்தது

தொண்ணூறுகளின் சிறந்த பத்துப் படங்களை நண்பர்கள் எட்டுப் பேர் சண்டையில்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது சரிவரவில்லை. எட்டுப் பேருக்கு எட்டுப் படம். ஆளுக்கொரு பட்டியல் எழுதி, முதல் படத்துக்கு 10, அடுத்ததுக்கு 9, பிறகு 8 என்று வரிசைப்படி மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது.

எதிர்பாராதது ஒன்று: ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ்-அப்’ (1990), யாருமே முதலிடம் தராத படம், முதலில் வந்துவிட்டது. எல்லோர் பட்டியலிலும் இரண்டாவதோ மூன்றாவதோ அதுதான். படத்தின் கடைசியில் ஒலி விட்டு விட்டுக் கேட்க, இரண்டு பேர் பூக்களோடு பைக்கில் போவார்களே, அந்தக் காட்சியைச் சொல்லாத ஆளே இல்லை.

அப்புறம், 1990 முதல் 1999 வரை என்று ஓட்டுக்கு முன்பே எல்லை போட்டுவிடுங்கள். ‘இன் தி மூட் ஃபார் லவ்’ 2000-இல் வந்த படம் என்பது பாதியில்தான் தெரிந்தது; இரண்டு பேர் பட்டியலைத் திருத்தி எழுதினார்கள்.