நிலாவாரை இலையிலிருந்து சென்னோசைடைப் பிரிக்க சாக்ஸ்லெட் ஏற்றதா?

பாளையங்கோட்டை முதுகலை மாணவி:
வணக்கம். என் ஆய்வேட்டுக்காக நிலாவாரை இலையிலிருந்து, அதன் மலமிளக்கும் சத்தான சென்னோசைடுகளைப் பிரிக்க முயன்று வருகிறேன். சாத்தான்குளம் பக்கத்து மானாவாரி நிலத்திலிருந்து வாங்கிய இலையை உச்சி வெயிலில் காயவைத்து, மாவாகப் பொடித்து, கரைப்பானைக் கொதிக்கவைத்து மீண்டும் மீண்டும் பொடிமேல் இறங்கவிடும் சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனாலைக் கொண்டு ஒரு பகல் முழுவதும் வடித்தேன். சாறு கரும்பச்சையாய்ப் பசைபோல இருக்கிறது; அம்மோனியா சேர்க்கும் போர்ன்ட்ரேகர் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றவே இல்லை. இலையில் சத்து இல்லையா, செய்முறை பொருந்தவில்லையா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மருந்தியல் ஆசிரியர், திருநெல்வேலி:
இலையைக் குறை சொல்லும் முன் சோதனையைப் பாருங்கள் அம்மா. சாதாரண போர்ன்ட்ரேகர் சோதனை சர்க்கரை ஒட்டாமல் தனித்து நிற்கும் ஆந்த்ராகுவினோன்கள் என்னும் நிறச்சேர்மங்களை மட்டுமே காட்டும். சென்னோசைடிலோ, ஆந்த்ராகுவினோனின் ஒடுக்கிய வடிவமான ஆந்த்ரோன் பாதிகள் இரண்டு கார்பன் பிணைப்பால் இணைந்திருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. ஆகவே சாற்றில் சிறிதளவு எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபெரிக் குளோரைடும் சேர்த்து நீராவிக் குளியலில் சூடாக்கினால், சர்க்கரை கழன்று, நடுப்பிணைப்பும் உடைந்து, ரெயின் என்னும் தனி ஆந்த்ராகுவினோன் வெளிப்படும். ஆறிய பின் ஈதரில் குலுக்கிப் பிரித்து, அந்த ஈதரோடு அம்மோனியாவைச் சேர்த்துப் பாருங்கள்; சென்னோசைடு இருந்தால் அம்மோனியா அடுக்கு இளஞ்சிவப்பாக மாறும்.

அடுத்தது வெப்பம். சாக்ஸ்லெட் 1879இல் பாலின் கொழுப்பை அளக்க வடிவமைக்கப்பட்ட கருவி. அதில் இலையிலிருந்து இறங்கிய பொருள் அடிக்குடுவையிலேயே தங்கி, கொதிக்கும் கரைப்பானோடு நாள் முழுவதும் வேகிறது. நீண்ட சூட்டில் சென்னோசைடு சிதையும் என்பதால், இதற்கு அறை வெப்பத்தில் ஊறவைப்பதே பொருத்தம். பொடி கரகரப்பாக இருக்கட்டும். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். முதலில் பெட்ரோலியம் ஈதரால் பச்சையத்தையும் மெழுகையும் நீக்கி, தீயருகே கொண்டுசெல்லாமல் பொடியைக் காற்றில் உலர்த்திவிட்டு, 70 விழுக்காடு மெத்தனாலில் அவ்வப்போது குலுக்கி ஊறவையுங்கள். இலையில் சென்னோசைடு பெரும்பாலும் உப்பாகவே இருப்பதால், தனி மெத்தனாலைவிட நீர் கலந்த கரைப்பான் அதை நன்றாக இழுக்கும். வடித்த சாற்றைக் குறைந்த அழுத்தத்தில், 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுண்டவைத்துப் பழுப்புப் புட்டியில் வையுங்கள்.

மூலிகை வியாபாரி, சாத்தான்குளம்:
உச்சி வெயிலில் காயவைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. நாங்கள் இலையை நிழற்கொட்டகையில் மெலிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுவோம். நன்கு காய்ந்த இலை மஞ்சள் கலந்த பச்சையாக, முழுதாக நிற்கும். குவித்துப் போட்டால் உள்ளே சூடேறிக் கறுத்துப்போகும், அந்தச் சரக்கை ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார். வாங்கும்போது காம்பும் நெற்றும் கலந்திருந்தனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தியல் ஆசிரியர், திருநெல்வேலி:
அண்ணாச்சி சொன்னதற்கு வேதியியல் காரணமும் உண்டு. பசிய இலையில் ஒற்றை ஆந்த்ரோன் கிளைக்கோசைடுகளே, அதாவது சர்க்கரை ஒட்டிய ஒற்றை ஆந்த்ரோன்களே, மிகுதி. மிதமான சூட்டில் மெல்ல உலரும்போதுதான் அவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடு ஆகின்றன. எனவே ஒரே நிலத்து இலையை நிழலில் ஒரு பங்கும் வெயிலில் ஒரு பங்குமாக உலர்த்தி, இரண்டையும் ஊறல் முறையிலேயே பிரித்து, தரப்படுத்திய சென்னோசைடோடு மெல்லிய பூச்சுத் தகட்டில் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு வண்ணப்படிவில் (TLC) ஒப்பிடுங்கள். மெத்தனால் நஞ்சு என்பதால், சாற்றை யாரும் சுவைத்துப் பார்க்க இடங்கொடுக்காதீர்கள்.